உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் மகளைப் பற்றி: தில்லித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தில்லித் தமிழ்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார், ஜனக்புரி, துவாரகா என்று தலைநகரில் சொந்த வீடு வாங்கி வேரூன்றிவிட்ட குடும்பங்களுக்கும், தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் படித்து இன்று நல்ல வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

என் பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காகத் தில்லி வந்தவர்கள். கிழக்குத் தில்லியின் மறுகுடியேற்றப் பகுதியான திரிலோக்புரியில் குடியிருந்தோம். அம்மா மயூர் விஹார் அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்தார். நான் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

பரிசளிப்பு விழா மேடைகளில் நீங்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கல்வி யாராலும் பறிக்க முடியாத சொத்து, கஷ்டப்பட்டுப் படித்தால் மேலே வரலாம் என்பீர்கள். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். எங்கள் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிவதும், அம்மா முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறவேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் அந்தப் படிப்பால்தான். ஆகவே உங்கள் பேச்சை மறுத்து நான் எழுதவில்லை. கஷ்டப்பட்டுப் படித்தும் மேலே வர முடியாமல் போன பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்குக் குறுக்கே நின்றவை, உங்களால் நகர்த்தக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் கதையையே எடுத்துக்கொள்கிறேன். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, சுருக்கெழுத்தும் கற்று, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அப்பாக்களின், தாத்தாக்களின் கதை. கரோல் பாக்கில் ஒரே அறையில் நான்கைந்து பேர். எந்த அலுவலகத்தில் ஸ்டெனோ இடம் காலி, எந்தப் பரீட்சைக்கு எப்போது எழுதிப் போடவேண்டும் என்பதை அந்த அறையில் இருந்த ஊர்க்காரரே சொல்லிவிடுவார். வேலை கிடைத்ததும் லட்சுமிபாய் நகரிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ அரசுக் குடியிருப்பு. பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று மந்திர் மார்க் முதல் ஜனக்புரி வரை ஏழு பள்ளிகளை நடத்துகிறது என்றால், அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்காக எவ்வளவு யோசித்திருக்கிறது!

அந்தக் கதையில் உழைப்பு நிறைய இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அதே சமயம், உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் இருந்தார்கள். வழி சொல்ல ஒருவர், தங்க ஓர் இடம், பக்கத்தில் ஒரு பள்ளி. இன்று உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிறவரின் மகளுக்கு உழைப்பு மட்டும்தான் இருக்கிறது.

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலை ஷிப்ட் பெண்களுக்கு, மாலை ஷிப்ட் பையன்களுக்கு. அம்மா ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் தண்ணீர் பிடிப்பதும் தம்பியை எழுப்பிச் சாப்பிட வைப்பதும் அவள் பொறுப்பு. மதியம் பள்ளி விட்டு வந்தால் சமையல். அம்மா மாலைச் சுற்று வேலை முடித்து வீடு திரும்ப எட்டு மணியாகும். திரிலோக்புரியில் எங்களுக்கெல்லாம் அரசு ஒதுக்கிய மனை 22.5 சதுர கஜம். அதன் மேல் மாடிக்கு மாடி எழுப்பி, ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று இருக்கிறோம். டிவி, அடுப்பு, தூங்குகிற பாட்டி, படிக்கிற பெண் எல்லாம் அந்த ஒரு அறைக்குள்தான். இதற்கு நடுவில் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படித்து முடிக்கிறாள் பாருங்கள், அந்த உழைப்புக்கு ஈடாக ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிப்ரவரி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வருகிறது. போன் வருகிறது: “விருந்தாளிங்க வந்திருக்காங்க, இன்னைக்கு மட்டும் பொண்ணை அனுப்பிடேன்.” கேட்பவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அவசரம்தான். ஆனால் அந்தப் பெண் போய்விட்டு வந்தால் அரை நாள் போச்சு. இரண்டாவது வீடும் கேட்கும், மூன்றாவது வீடும் கேட்கும். அம்மாவுக்கு டைபாய்டு என்றால் மூன்று வாரம் போய்விடும். போர்டு எக்ஸாம் சமயத்தில் மூன்று வாரம் என்றால் என்ன என்பது, பிள்ளைக்கு டியூஷன் வைத்து, இரவில் பால் காய்ச்சிக் கொடுத்துப் படிக்க வைக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்னொரு விஷயம். ஒருமுறை போய் வேலை பழகிவிட்ட பெண்ணைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பும் யோசனை அடுத்த பணமுடையின்போது வீட்டிலேயே வந்துவிடும். படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் ஒரு நாளில் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை.

என் முதல் வேண்டுகோள் இதுதான். அம்மா வர முடியாத நாளில் மகளைக் கேட்காதீர்கள். அவளே வந்து நின்றாலும் திருப்பி அனுப்புங்கள். அந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், பிடிப்பார்களோ என்ற பயத்தில்தான் அம்மாக்கள் பெண்களை அனுப்புகிறார்கள். தில்லியின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் வீட்டு வேலை இல்லை. மாதம் எவ்வளவு, லீவு உண்டா, நோய் வந்தால் என்ன என்பதையெல்லாம் உங்கள் சமையலறை வாசலில் நின்று நீங்களேதான் முடிவு செய்கிறீர்கள். சட்டம் தலையிடாத இடத்தில் உங்கள் மனசாட்சிக்கு வேலை அதிகம்.

இது நடக்கக்கூடிய காரியம்தான். என் அம்மா வேலை செய்த வீடுகளில் ஒரு மாமி இருந்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன மாதம் முழுச் சம்பளமும் கொடுத்தார். அம்மாவுக்குப் பதிலாக நான் வேலை செய்யப் போனபோது, “நீ இந்த வீட்டுக்கு வந்தா அந்தச் சாப்பாட்டு மேசையில உக்காந்து படி. பாத்திரத்தைத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அந்த மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட்டும் ஃபேனும் இருந்தன. யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரப் பாடத்தை நான் அங்கேதான் படித்து முடித்தேன். மாமிக்கு அது பெரிய செலவில்லை. எனக்கு அது எவ்வளவு என்று எழுத வார்த்தை போதாது.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பு. தில்லியில் பிள்ளைகளோடு பழகும் எவரையும் கேட்டுப் பாருங்கள், ஒன்பதில்தான் விழுகிறார்கள் என்பார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. பள்ளியில் மதியச் சாப்பாடும் எட்டோடு நிற்கிறது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குக் கட்டணக் கவலை ஆரம்பிப்பதும் அங்கேதான். ஒன்பதில் இரண்டு முறை தவறினால் திறந்தநிலைப் பள்ளிக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். போகிறவர்களில் பலர் பத்தை முடிப்பதே இல்லை. பெரும்பாலும் காலை வாருவது கணக்கும் ஆங்கிலமும். உங்களில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், கணக்குத் தணிக்கை அலுவலர்கள், ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே மாலையில் ஒரு மணி நேரம் பின்னங்களும் இயற்கணிதமும் சொல்லிக் கொடுத்தால் போதும். ஒன்பதுக்கு வந்த பிறகு என்றால் நேரம் கடந்துவிடும்.

சரி, பன்னிரண்டும் முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் நான் நேரில் பார்க்கும் கொடுமை ஆரம்பம்.

2022-இலிருந்து தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்புகளில் சேர க்யூட் (CUET) என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். எந்தப் பாடங்களில் தேர்வு எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும்போதே குறிக்கவேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தோடு அது பொருந்தவும் வேண்டும். பிள்ளை அரசியல் அறிவியல் படித்திருப்பாள். இன்டர்நெட் கடைக்காரர் அவசரத்தில் வேறொன்றை டிக் செய்திருப்பார். அது கல்லூரிப் பட்டியலை நிரப்பும் சமயத்தில்தான் தெரியவரும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கியும் அவள் விரும்பிய படிப்பில் இடம் கிடையாது. மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கடைக்காரர் உருவாக்கியதே, பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும், அப்பா நொய்டாவில் கட்டட வேலையில் இருப்பார். மொழித்தாளுக்கான 13 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் படித்த பிள்ளைகளிலேயே பலருக்கு அதைக் கூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெயர் இன்னொரு தலைவலி. நமக்கு இனிஷியல், இங்கே எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். அப்பாவின் அட்டையில் முருகேசன் என்றும் ரேஷன் கார்டில் முருகன் என்றும் இருக்கும். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் ஓடவேண்டும்.

சாதிச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தில்லியைப் பொறுத்தவரை அரசு வேலைகளில் பட்டியல் சாதி இடஒதுக்கீடு நாடு முழுவதுக்கும் பொதுவாகப் பொருந்தும் என்பதை 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. மற்ற பல மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த நம் மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் அது கைக்கு வர, தில்லியில் பிறந்த பிள்ளைக்கும் அப்பா பெயரில் தமிழ்நாட்டுச் சான்றிதழ் வேண்டும். அப்பாவின் பழைய சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1993-இல் அது பிரிந்து ஊர் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, சித்தப்பாவின் சான்றிதழில் விழுப்புரம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, ஆதாரில் கள்ளக்குறிச்சி. மூன்றும் ஒரே கிராமம். இதை இங்கே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு இந்தியில் விளக்கிச் சொல்ல அந்த அப்பாவால் முடியுமா? அவர் திரும்பி வந்து, “பொதுப் பிரிவுலயே போட்டுடும்மா” என்பார். ஒரு பெண்ணின் எதிர்காலம் அந்த ஒரு வரியில் போய்விடுகிறது.

உங்களில் பலர் மத்திய அரசு அலுவலகங்களில் கோப்பு பார்த்தவர்கள். எந்தத் தாளை எந்த அதிகாரி ஏற்பார், மறுத்தால் யாரிடம் மேல்முறையீடு, எப்படி ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தில்லித் தமிழர்களிடம் இருக்கும் பெரிய செல்வம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஓய்வூதியத்தை விட, வீட்டை விட மதிப்பு அதற்கு அதிகம். அந்த அறிவு இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை, வாரம் ஒரு நாள், ஒவ்வொரு தமிழ் அமைப்பின் வளாகத்திலும் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த இரண்டு பேர். ஆவணங்களை ஜனவரியிலேயே பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அந்த மேசையில் உட்காருபவர்கள் பெண் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1944-இலிருந்து மகளிருக்கான கல்லூரிசாராக் கல்வி வாரியம் இருக்கிறது. தில்லியில் வசிக்கும் பெண்கள் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. வகுப்புகள் சனி அல்லது ஞாயிறு. பட்டம் பல்கலைக்கழகப் பட்டமேதான். வார நாட்களில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே நான் பி.ஏ. முடித்தது அங்கேதான், அதற்குப் பிறகுதான் வங்கித் தேர்வு எழுதினேன். இதை இரண்டாந்தரமாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. வேலையை விட முடியாத பெண்ணுக்கு இது முதல் தரம்.

இனி தில்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவுக்கு வருகிறேன். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாராபுல்லா வடிகால் ஓரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்த இடம். அங்கிருந்த சுமார் 370 குடியிருப்புகளில் பாதிக்குச் சற்று அதிகமான குடும்பங்களுக்கே நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். வடிகாலைச் சீர்செய்யவேண்டும் என்ற நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி விவாதிக்க நான் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்தது லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். அம்மாக்கள் வேலை செய்ததும் அந்தச் சுற்றுவட்டார வீடுகளில்தான். நரேலாவிலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மெட்ரோ நரேலா வரை இன்னும் போகவில்லை, மெட்ரோவில் மாணவர் சலுகையும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்து இலவசம்தான், ஆனால் போக வர நாளில் நான்கு மணி நேரமாவது அதிலேயே கழியும். விடியற்காலை இருட்டில் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியாக எந்த அம்மா பஸ் ஏற்றுவாள்?

இடிப்பு நடந்தபோது நம் அமைப்புகள் அறிக்கை விட்டன, சிலர் ஓடி ஓடி உதவி செய்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. இப்போது தேவைப்படுவது ஒரு கணக்கெடுப்பு. கேம்ப்பில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இன்று எங்கே, எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், நின்றுவிட்டவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எடுக்கவேண்டும். பத்திலும் பன்னிரண்டிலும் இருப்பவர்களுக்கு முதலில் வண்டி ஏற்பாடு. பள்ளியின் பழைய மாணவர்கள் மாதாமாதம் சேர்ந்து போட்டால் ஒரு வேன் வாடகை பெரிய பாரமாக இருக்காது. போர்டு எக்ஸாம் மாதத்தில் லோதி ரோடு, ஜங்புரா பக்கம் இருக்கும் குடும்பங்கள் ஒரு பெண்ணையாவது தங்கள் வீட்டில் தங்க வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

படிக்க இடம் என்று பார்த்தால், தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. கிழக்குத் தில்லிப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம். ஆனால் நம்மவர்கள் கட்டிய கோயில்கள் நகரம் முழுக்க இருக்கின்றன. அவற்றின் மண்டபங்கள் வார நாட்களில் மாலையில் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன. ஆறிலிருந்து ஒன்பது வரை விளக்கைப் போட்டு, ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும். எந்தச் சாதிப் பிள்ளை வந்தாலும் உள்ளே விடவேண்டும். இதை வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வாசலிலேயே தயங்கி நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

“நாங்களும்தான் கஷ்டப்பட்டோம், எங்களுக்கு யார் செய்தார்கள்?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். செய்தார்கள். அந்த கரோல் பாக் அறையின் ஊர்க்காரர் செய்தார். 1923-இல் பள்ளி தொடங்கியவர்கள், தாங்கள் கண்ணால் பார்க்கவே போகாத உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் உங்களிடம் சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. அவர்கள் படித்துக்கொள்வார்கள், பரீட்சையும் எழுதிக்கொள்வார்கள். எல்லோரும் ஐ.ஏ.எஸ். ஆகவேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை. நர்ஸ், எலெக்ட்ரீஷியன், ஆசிரியை, வங்கி எழுத்தர், எதுவானாலும் அவரவர் விரும்பித் தேர்ந்தெடுத்த வேலையாக இருக்கட்டும்.

இந்த ஆண்டுக்கான ஆவணச் சரிபார்ப்பை ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் கூட்டங்களோடு சேர்த்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். திரிலோக்புரியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. மங்கோல்புரி, சுல்தான்புரி, நரேலா பட்டியல்களை எடுக்க அங்கே இருப்பவர்களின் துணை வேண்டும். சங்கமோ, பள்ளியோ, கோயில் மண்டபமோ, இடம் எது என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளைகளையும் அவர்களுடைய தாள்களையும் நான் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
திரிலோக்புரியில் வளர்ந்த ஒரு வங்கி ஊழியர்